கிண்ணங்கள் போதும், கிழமைதோறும் களம் வேண்டும்

கோடை பிறந்துவிட்டால் ரொறன்ரோப் பெரும்பாகத்தின் பூங்காக்களில் எமது பழைய மாணவர் சங்கங்களின் பதாகைகளும் ஊர்ச் சங்கங்களின் கூடாரங்களும் எழுந்துவிடுகின்றன. உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம், துடுப்பாட்டம், கயிறிழுத்தல், சிறுவர்களுக்குத் தேசிக்காய் ஓட்டம், பெரியவர்களுக்குச் சங்கீதக் கதிரை என்று அந்த நாள் கலகலப்பாகக் கழிகின்றது. மாலையில் பரிசளிப்பு, உரைகள், நன்றியுரை. மறுநாட் காலையில் அந்தப் புற்றரையில் எம்மவர் ஒருவரையும் காணமுடியாது. அடுத்த கோடைவரை அதே நிலைதான்.

இதற்குத்தான் நாம் விளையாட்டுத்துறை என்று பெயர் சூட்டியிருக்கின்றோம். ஓய்வு நாட்களைத் துறந்து இவ்விழாக்களை நடத்தும் தொண்டர்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமன்று. ஊரவர் ஒன்றுகூடுவதற்கு அவை வேண்டும். ஆனால், ஆண்டில் ஒருநாள் ஓடுவதால் எந்தப் பிள்ளையின் உடலும் உரம் பெறுவதில்லை. அந்த ஒருநாளிலும் களத்தில் நிற்பவர்கள் சிலர்; வேலியோரம் நின்று கைதட்டுபவர்களே பலர். வெல்லக்கூடிய பதினொருவரைத் தெரிந்தெடுத்து ஏனையோரைப் பார்வையாளராக்கும் இந்த வழக்கத்தை எமது சமூகம் மீளாய்வு செய்தாக வேண்டும்.

வெக்ஸ்போர்ட் சொல்லும் செய்தி

எடுத்துக்காட்டாக, ஸ்காபரோவின் மேற்குப் பகுதியிலுள்ள வெக்ஸ்போர்ட்டை நோக்குவோம். விக்ரோறியா பார்க், பார்மசி, வோர்டன் ஆகிய வீதிகளை லோறன்ஸ் அவனியூ கிழக்கு ஊடறுத்துச் செல்லும் இப்பகுதி, இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மோட்டார் வாகனங்களை மனத்திற்கொண்டு வளர்க்கப்பட்ட புறநகர். அகன்ற வீதிகள், வீதியோரக் கடைத்தொகுதிகள், அவற்றின் முன்னே வாகனத் தரிப்பிடங்கள், பின்னே மாடிக் குடியிருப்புகள். அரபு, பிலிப்பீனோ, தமிழ் எனப் பல மொழி பேசும் குடும்பங்கள் இங்கே அயலவராக வாழ்கின்றன. ஆனால், எட்டு வயதுப் பிள்ளை தனியாக வீதியைக் கடந்து பூங்காவுக்குச் சென்று விளையாடித் திரும்பக்கூடிய அமைப்பு இங்கே இல்லை. ஊரில் ஒழுங்கையிலும் கோயில் வீதியிலும் கிளித்தட்டு மறித்து வளர்ந்த பெற்றோரின் பிள்ளைகள், இங்கே பெற்றோர் வாகனத்தில் ஏற்றிச் சென்றால் மாத்திரமே விளையாட முடிகின்றது.

அதற்காக இங்கே வசதிகளே இல்லை என்று கூறிவிட முடியாது. லோறன்ஸ் வீதியிற் சற்றுக் கிழக்கே சென்றால் மக்கிரெகர் பார்க் சமூக நிலையமும் அதனோடு இணைந்த பனிச்சறுக்கு அரங்கும் உள்ளன. தெற்கே உயர் அழுத்த மின்கம்பிகளின் கீழே, மெடோவே எனப்படும் பசுமைவழி கட்டம் கட்டமாக உருவாக்கப்பட்டு வருகின்றது. டொன் பள்ளத்தாக்குப் பக்கத்திலிருந்து றூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவரை ஸ்காபரோவுக்குக் குறுக்காக 16 கிலோமீற்றர் நீளும் திட்டம் அது. அதில் நடக்கவோ ஓடவோ மிதிவண்டி ஓட்டவோ எவரும் கட்டணம் கேட்பதில்லை. பாடசாலைகளின் உடற்பயிற்சிக் கூடங்களும் மாலை வேளைகளிற் சமூக அமைப்புகளுக்கு வாடகைக்கு வழங்கப்படுகின்றன. 1990களின் இறுதியில் நிதி வெட்டுகளால் அவற்றின் கட்டணம் உயர்ந்து பல அமைப்புகள் வெளியேற நேர்ந்தது. 2004 இல் ஒன்ராறியோ அரசு பாடசாலைகளைச் சமூகப் பயன்பாட்டுக்குத் திறந்துவிடுவதற்கான நிதித் திட்டத்தை ஆரம்பித்தது. அந்தக் கதவுகளை எமது அமைப்புகளுள் எத்தனை சென்று தட்டியுள்ளன?

உடல் கேட்கும் கணக்கு

5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்கவேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகின்றது. ஒன்ராறியோவின் தொடக்கப் பாடசாலைகளில் 2005 முதல் கட்டாயமாக்கப்பட்டிருப்பது நாளுக்கு 20 நிமிடமே. மீதி 40 நிமிடத்துக்குப் பொறுப்பு யார்? உயர்நிலைப் பாடசாலையில் நிலைமை இன்னும் மோசம். சான்றிதழுக்குத் தேவையான 30 பாட அலகுகளில் உடற்கல்விக்கென விதிக்கப்பட்டிருப்பது ஒன்றே ஒன்று. பெரும்பாலான மாணவர் அதனை ஒன்பதாம் வகுப்பிலேயே முடித்துவிடுகின்றனர். பதினான்கு வயதில் உடற்கல்விக்கு விடைகொடுக்கும் பிள்ளை, பின்னர் தானாக விரும்பினாலன்றிக் களத்துக்குத் திரும்புவதில்லை.

இது உலகெங்கும் உள்ள குறைபாடுதான். 2019 இல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வின்படி, 11 முதல் 17 வயது வரையுள்ளோரில் நூற்றுக்கு 81 பேர் போதிய உடலியக்கம் அற்றவர்கள். ஆனால் எமக்கு அபாயம் இரட்டிப்பு. தெற்காசியரின் உடலமைப்பு நீரிழிவையும் இருதய நோயையும் விரைவில் வரவேற்கின்றது. ஒன்ராறியோ மக்களை ஆராய்ந்து 2011 இல் வெளியான ஆய்வொன்று இதைத் தெளிவாக்கியது. வெள்ளையினத்தவருக்கு உடற்றிணிவுச் சுட்டி 30 ஆகும்போது எந்தளவு நீரிழிவு அபாயம் ஏற்படுகின்றதோ, அதே அபாயம் தெற்காசியருக்கு 24 இலேயே ஏற்பட்டுவிடுகின்றது. கண்ணாடியில் மெலிந்தவராகத் தோன்றும் எம்மவரும் உள்ளே நோயைச் சுமக்கலாம் என்பதே இதன் பொருள். எமது குடும்பங்களில் நாற்பது வயதில் நீரிழிவு மாத்திரை என்பது வியப்பூட்டும் செய்தியாக இல்லாதொழிந்து எத்தனை காலமாயிற்று!

"படிப்புக் கெட்டுவிடும்"

பிள்ளையைக் களத்திலிருந்து வெளியே இழுக்கும் கை பெரும்பாலும் பெற்றோரின் கையே. பத்தாம் வகுப்பு வந்ததும் முதலில் நிறுத்தப்படுவது விளையாட்டு. முதலிற் சேர்க்கப்படுவது ரியூசன். போரினால் யாவற்றையும் இழந்து, கல்வி ஒன்றையே கையில் எடுத்து வந்த சமூகத்தின் அச்சத்தை நாம் அறிவோம். ஆனால் அந்த அச்சம் தவறான இடத்தில் வெட்டுகின்றது. உடலியக்கம் சிறுவரின் கற்றல் திறனுக்கும் மனநலத்துக்கும் நன்மை தருகின்றது என்பதையும் மேற்சொன்ன வழிகாட்டியே பதிவு செய்துள்ளது.

அதற்கு வெளிநாட்டாரைச் சான்றுக்கு அழைக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952 இல் ஹெல்சிங்கியிலும் 1956 இல் மெல்பேணிலும் ஒலிம்பிக்கிற் பங்குபற்றினார். 1958 இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, இலங்கைக்கு அவ்விழாவின் முதலாவது தங்கப் பதக்கத்தைப் பெற்றுக்கொடுத்தார். அதே மனிதர் அமெரிக்காவில் உயர்கல்வி கற்று, கோர்னெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்று, ஆபிரிக்க நாடுகளிலும் பப்புவா நியூகினியிலும் கல்விப் பணியாற்றினார். 2024 இல் மறையும்வரை அவரைக் கலாநிதி என்றும் உயரம் பாய்தல் வீரர் என்றும் ஒரே மூச்சில் அழைத்தோம். அவர் வாழ்வில் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் நாம், அவர் சென்ற வழியை மாத்திரம் அடைத்து வைத்திருக்கின்றோம்.

பெண் பிள்ளைகள் எங்கே?

கனடாவிற் பெண் பிள்ளைகளில் மூவரில் ஒருவர் பதின்ம வயது முடியுமுன் விளையாட்டைக் கைவிடுகின்றார். ஆண் பிள்ளைகளில் அவ்வாறு விலகுபவர் பத்தில் ஒருவரே என 2020 இல் வெளியான கனேடிய அறிக்கையொன்று தெரிவித்தது. எமது வீடுகளில் இதற்கு மேலும் காரணங்கள் சேர்கின்றன. நிறம் கறுத்துவிடும் என்பர்; அரைக்காற்சட்டை ஆகாது என்பர்; இருட்டுமுன் வீடு வரவேண்டும் என்பர். மகனுக்குச் சொல்லப்படாத இந்த விதிகள் மகளுக்கு மாத்திரம் ஏன்?

யாழ்ப்பாணத்தின் ஈவினைக் கிராமத்திலிருந்து வந்த தர்ஜினி சிவலிங்கம், 2009 இலும் 2018 இலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை வலைப்பந்தாட்ட அணியின் தூணாக நின்றார். முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையார் 2023 இல், தமது 72ஆவது வயதில், பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியிற் தங்கம் வென்றார். போரும் வறுமையும் தின்ற மண்ணில் இது இயலுமாயின், வெதுவெதுப்பான உட்கூடங்கள் உள்ள ரொறன்ரோவில் எமது தாய்மாருக்கும் மகள்மாருக்கும் ஏன் இயலாது?

"இயலாது" என்ற சொல்லை எமது சமூகமே பொய்யாக்கியும் உள்ளது. பரதநாட்டிய வகுப்பை எண்ணிப் பாருங்கள். பனி கொட்டினாலும் கிழமை தவறாமல், ஏழெட்டு ஆண்டுகளாகப் பிள்ளையை வகுப்புக்கு ஏற்றி இறக்கி அரங்கேற்றம்வரை கொண்டு செல்கின்றோம். தமிழ் வகுப்புக்கும் மிருதங்க வகுப்புக்கும் அவ்வாறே. பொறுமையும் ஒழுங்கும் எம்மிடம் நிறைய உண்டு. அவற்றில் ஒரு பங்கையேனும் விளையாட்டுக்கு நாம் ஒதுக்கவில்லை என்பதே எமது குற்றச்சாட்டு.

பணமும் நேரமும்

இரவுப்பணி, பகற்பணி என்று மாறி மாறி உழைக்கும் தாய் தந்தையரிடம் இதையெல்லாம் கேட்பது நியாயமா என்று வினவுவோர் உளர். நியாயமான வினா. அதனாலேயே இப்பொறுப்பைத் தனித்தனி வீடுகளின் தலையிற் சுமத்தாமல் அமைப்புகளின் மேசையில் வைக்கின்றோம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ரொறன்ரோ மாநகரசபையின் கட்டண உதவித் திட்டம் உண்டு. 2005 இல் ஆரம்பிக்கப்பட்ட ஜம்ப்ஸ்ரார்ட் அறக்கட்டளை, பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டணங்களுக்கு உதவுகின்றது. இவை பற்றித் தமிழில் எடுத்துச்சொல்லி, படிவம் நிரப்ப உதவ ஒருவரை அமர்த்துவதற்கு எந்தச் சங்கத்துக்கும் பெருந்தொகை தேவையில்லை.

ஸ்காபரோவின் வடகிழக்கு மூலையில், ஸ்ரெயின்ஸ் வீதியில் அமையவுள்ள தமிழ்ச் சமூக மையத்துக்கு மத்திய, மாகாண அரசுகள் 2.63 கோடி டொலர் வழங்குவதாக 2021 இல் அறிவித்தன. பாராட்டுக்குரிய முயற்சி. ஆனால் வெக்ஸ்போர்ட்டின் மாடிக் குடியிருப்பிலுள்ள பிள்ளை அங்கே செல்லப் பேருந்து மாறி மாறிப் பயணிக்க வேண்டும். பெரிய கட்டடம் ஒன்று எழுவதால் நடந்து செல்லும் தொலைவிலுள்ள களத்தின் தேவை அற்றுப்போவதில்லை.

என்ன செய்யவேண்டும்?

சங்கங்களே! ஆண்டு விழாவின் கிண்ணங்களுக்கும் இராப்போசனத்துக்கும் செலவாகும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். பல சங்கங்கள் இணைந்து ஒரு பாடசாலைக் கூடத்தைப் புரட்டாதி முதல் வைகாசி வரை கிழமைக்கு ஒருமுறை வாடகைக்கு எடுக்கலாம். எந்த ஊர், எந்தக் கல்லூரி என்று கேளாமல், திறமையைச் சோதியாமல், வரும் பிள்ளை எல்லோரையும் விளையாட விடுங்கள். அயலிலுள்ள பிறமொழிப் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்து வையுங்கள். பெண்களுக்கெனத் தனி நேரமும் பெண் பயிற்றுநரும் கட்டாயம் இருக்கட்டும்.

பெற்றோரே! உயர்நிலைப் பாடசாலை முடியும்வரை கிழமையில் இரு மாலைகளை ரியூசனுக்கு விட்டுக்கொடாதீர்கள். பிள்ளைக்கு நீச்சல் பழக்குங்கள். ஆழ்நீரில் விழுந்தால் மேலெழுந்து, ஒரு நிமிடம் மிதந்து, 50 மீற்றர் நீந்துவதே உயிர்காப்புச் சங்கம் வகுத்த குறைந்தபட்ச அளவுகோல். ஏரிகள் சூழ்ந்த நாட்டில் அது ஆடம்பரமன்று, உயிர்க்காப்பு. நீங்களும் நடவுங்கள், அப்பாவும் அம்மாவும் நடப்பதைக் காணாத பிள்ளை ஓடப்போவதில்லை.

இளையோரே! உங்களிற் பலர் பாடசாலை அணிகளிலும் பல்கலைக்கழக அணிகளிலும் ஆடியவர்கள். கிழமையில் ஒரு மணித்தியாலத்தைச் சிறியவர்களைப் பயிற்றுவதற்குத் தாருங்கள். உயர்நிலை மாணவர் நிறைவேற்ற வேண்டிய 40 மணித்தியாலச் சமூக சேவைக்கு இதனைவிடப் பயனுள்ள வழி ஏது?

மாநகரசபைத் தேர்தல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகின்றது. எமது விழா மேடைகளுக்கு மாலை ஏற்க வரும் வேட்பாளர்களிடம் மாலையோடு ஒரு வினாவையும் கொடுப்போம்: எமது பிள்ளைகள் நடந்து செல்லும் தொலைவில், கட்டணமின்றி, குளிர்காலத்திலும் விளையாட எத்தனை மணித்தியாலம் தருவீர்கள்?

எமது வீட்டு அலுமாரிகளிற் கிண்ணங்களுக்குக் குறைவில்லை. அவற்றை வென்றவர்கள் இன்று மருத்துவரின் காத்திருப்பு அறைகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களின் பிள்ளைகளும் அதே கதிரைக்கு வந்து சேர்வதற்கு முன், வரும் புரட்டாதியிலேயே ஒரு கூடத்தைத் திறப்போம்.