பிரிக் லேனில் யாருக்கு இடம்?

லண்டன் மாநகரின் கீழ்ப்புறத்தில், பிரிக் லேன் என்ற வீதியில் ஒரு செங்கல் கட்டடம் நிற்கிறது. பிரான்ஸில் மதக் கொடுமை தாங்காமல் ஓடிவந்த பிராட்டஸ்டண்டுகளின் தேவாலயமாக 1743ல் எழுந்தது அது. பின்னர் மெதடிஸ்ட் சபையார் கைக்குப் போயிற்று. 1898ல் யூதர்களின் ஜெப ஆலயமாயிற்று. 1976 முதல் பள்ளிவாசல். வந்தாரை வாழவைத்த வீதி என்று, பார்க்க வருகிறவர்கள் வியந்து போகிறார்கள்.

வியப்புக்குரியதுதான். ஆனால் அது பாதிக் கதை. ஒரே இனத்தார் சேர்ந்து குடியேறியதால் எல்லோரும் ஒரே நிலையில் வாழ்ந்துவிடவில்லை. பிரெஞ்சுப் பட்டு வியாபாரிகள் உயர்ந்த வீடுகளில் இருந்தார்கள். கூலி நெசவாளி மச்சில் ஒண்டினான். கூலித் தகராறு முற்றி, தறியில் பட்டை அறுத்த குற்றத்துக்காக 1769ல் இரண்டு நெசவாளிகள் தூக்கிலிடப்பட்டார்கள். கூலியை நிர்ணயிக்கும் சட்டம் 1773ல்தான் வந்தது. 1824ல் அதையும் ரத்து செய்துவிட்டார்கள். யூதர் காலத்தில் தையற்கூடங்கள் பெருகின. முதலாளியும் யூதர், தொழிலாளியும் யூதர். 1889ல் தையல்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து கேட்டது என்ன? நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பதே! அதற்கு முன் அவர்கள் பட்ட பாட்டை ஊகித்துக் கொள்ளலாம்.

கையில் நாலு காசு சேர்ந்ததும் யூதர்கள் வசதியான பேட்டைகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்கள் விட்ட தையல் இயந்திரத்தின் முன் ஸில்ஹெட் வங்காளி உட்கார்ந்தார். பிறகு சாப்பாட்டுக் கடையும் வைத்தார். (சமைப்பவர் வங்காளதேசத்தவர்; ஆனாலும் பலகையில் எழுதியது 'இந்திய உணவு'. வெள்ளைக்காரருக்குப் பழகிய பெயர் அதுதானே!) 1978 மே 4ந் தேதி அல்தாப் அலி என்ற தையல் தொழிலாளி, வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் நிறவெறிக்குப் பலியானார். பத்து நாட்களுக்குப் பின் ஆயிரக்கணக்கானோர் அவருடைய சவப்பெட்டியின் பின்னால் பிரதமர் வாசஸ்தலம் வரை நடந்தார்கள். யாரும் ஊரை விட்டு ஓடவில்லை.

கத்திக்கு அஞ்சாதவர்களை இப்போது வாடகை அசைக்கிறது. பெரிய வங்கிகளும் வியாபார நிறுவனங்களும் நிறைந்த 'ஸிட்டி' பக்கத்திலேயே இருக்கிறது. பழைய நெசவாளர் வீடுகளை இடிக்காமல் காப்பாற்றினார்கள், நல்ல காரியம். ஆனால் இன்று எந்த நெசவாளியும் அவற்றை வாங்க முடியாது. வங்காளிகளின் சாப்பாட்டுக் கடைகள் பாதிக்கு மேல் மறைந்துவிட்டன. முன்பு வெளியேறியவர்கள் செழித்து வெளியேறினார்கள். இப்போது வெளியேறுகிறவர்கள் செழிப்பதற்கு முன்பே தள்ளப்படுகிறார்கள்.

அந்த வீதியின் பழைய பீர் வடிக்கும் ஆலை மனையில் கடைகளும் அலுவலகங்களும் கட்டும் திட்டத்துக்கு, 7,000க்கு மேற்பட்ட ஆட்சேபங்கள் வந்தும், 2021ல் நகரசபைக் குழு அனுமதி கொடுத்தது. கட்டடங்களுக்குக் காட்டிய பரிவைக் குடியிருப்போருக்கும் காட்டுவதில் என்ன தடை? நகரசபையும் அரசாங்கமும் மனம் வைத்தால், கூலிக்காரருக்குக் கட்டுபடியாகும் வாடகையில் வீடுகளை அந்த வட்டாரத்திலேயே கட்டலாம். அலுவலகங்கள் சில வருஷம் காத்திருக்கட்டும்.