மாட்டுக்குப் பல்லைப் பாக்குறோம், கம்ப்யூட்டருக்கு எதைப் பாக்குறது?

எங்க வீட்டுல கம்ப்யூட்டர் வச்சதுலேர்ந்து ஊர்ல நாலஞ்சு பேர் கேட்டுட்டாங்க, "எவ்ளோ ஆச்சு, எதைப் பாத்து வாங்குனீங்க"ன்னு. கேக்குற எல்லார் வீட்டுலயும் டிகிரி படிச்ச பொண்ணோ மருமகளோ இருக்கு. அதனால ஒரே இடத்துல எழுதி வச்சுடறேன்.

என் மருமக பி.காம். விருத்தாசலத்துல கணக்கு எழுதப் போயிட்டிருந்துச்சு. பேரன் பொறந்த பிறகு பஸ் நேரமும் பிள்ளை நேரமும் ஒத்துவரல, நின்னுடுச்சு. செராமிக் தொழிற்பேட்டையில பீங்கான் சாமான் செய்யுற சின்ன யூனிட்காரர் ஒருத்தர், "வீட்லேர்ந்தே டேலி போட்டு ஜிஎஸ்டி கணக்கை முடிச்சுக் குடும்மா, மாசம் 7,000 தரேன்"னார். வேலை தயார், கம்ப்யூட்டர்தான் இல்லை.

பையன் புது லேப்டாப் வாங்கலாம்னான். நான்தான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி, "7,500-க்கு ஐ5 கிடைக்குது, வாடா"ன்னு ஒரு பழைய கம்ப்யூட்டர் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். ஐ5-ன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்துது. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல. மூணாவது மாசம், கரண்டு போய்ப் போய் வந்ததுல ஹார்ட் டிஸ்க் போச்சு, டேலி டேட்டாவும் போச்சு. காப்பி எடுத்து வைக்கணும்னு எங்க யாருக்கும் தோணல. 20-ம் தேதி 3பி ரிட்டர்ன் போடணும். மூணு ராத்திரி தூங்காம பில் எல்லாத்தையும் முதல்லேர்ந்து ஏத்துச்சு அந்தப் பொண்ணு. நாள் ஒண்ணுக்கு 50 ரூபா தாமதக் கட்டணம். காசு பெருசில்ல, யூனிட்காரர் மூஞ்சியில எப்படி முழிக்கிறதுன்னுதான் கலங்கிப் போச்சு. என்னை ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா தேவலாம்.

அப்புறம்தான் விசாரிச்சேன். மாட்டுச் சந்தையில ரெண்டு பல்லா, நாலு பல்லான்னு வாயைத் திறந்து பாக்காம கயித்தைப் பிடிப்போமா? கம்ப்யூட்டருக்கும் பல்லு இருக்கு. ஐ3, ஐ5-ங்கிறது சாதிப் பேரு மாதிரி, வயசு அதுல தெரியாது. பின்னால வர்ற நம்பர்லதான் வயசு. ஐ5-4590-ன்னா நாலாவது ஜெனரேஷன், பத்து வருஷத்துக்கு மேல ஆன கிழடு. ஐ5-8500-ன்னா எட்டாவது. ஐ5-10400-ன்னு அஞ்சு இலக்கம் இருந்தா பத்தாவது. இந்த எட்டு ஏன் முக்கியம்னா, விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஒத்துக்குற இன்டெல் சிப்பு பெரும்பாலும் அங்கேர்ந்துதான் ஆரம்பம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட வழக்கமான ஆதரவை நிறுத்திட்டாங்க. "பழசுலயே 11 போட்டுத் தரேன்"னு கடைக்காரர் சொல்வார். போடவும் முடியும், குறுக்கு வழியில. அப்புறம் அப்டேட் வந்தா வந்துது, வரலன்னா யாரைக் கேப்பீங்க? அடுத்தவங்க வரவுசெலவு ஓடுற பெட்டியில அந்த விளையாட்டு வேணாம்.

ரெண்டாவது, ஹார்ட் டிஸ்க் வேணாம், எஸ்எஸ்டிதான் வேணும்னு அடிச்சுச் சொல்லுங்க. 256 ஜிபி போதும். ராம் 8 ஜிபி. கடையிலேயே ஆன் பண்ணி, செட்டிங்ஸ்ல விண்டோஸ் ஆக்டிவேட் ஆயிருக்கான்னு பாத்துட்டுக் காசைக் குடுங்க.

இன்னும் டெஸ்க்டாப்தான் வாங்கணுமான்னா, எட்டு மணி நேரம் உக்காந்து டைப் அடிக்கிறவங்களுக்கு அதுதான் சரிங்கிறது என் கட்சி. கழுத்தைக் குனிய வேணாம். மோட்டார் மாதிரி, எது போச்சோ அதை மட்டும் மாத்தலாம். கீபோர்டு போனா சில நூறு ரூபாயில முடிஞ்சுது. கரண்டுக்கும் பயப்பட வேணாம்: ஆபீஸ்ல ஓடுற சின்னப் பெட்டியும் மானிட்டரும் சேந்து 60 வாட்டுன்னு வச்சா, எட்டு மணி நேரத்துக்கு அரை யூனிட்டுகூட வராது.

ஆனா யுபிஎஸ் இல்லாம டெஸ்க்டாப் வாங்குறது, கரை போடாம வயலுக்குத் தண்ணி கட்டுற மாதிரி. நெட்டு மோடத்தையும் அதுலயே சொருகுங்க. இல்லன்னா பெட்டி உசுரோட இருக்கும், நெட்டு செத்துப் போயிருக்கும்.

டேலிக்கு விண்டோஸ் வேணும். வெறும் கடுதாசி எழுத, பட்டா சிட்டா பாக்கன்னா லினக்ஸே போதும், காசு கிடையாது. சென்னை சி-டாக்ல உருவான பாஸ் லினக்ஸ்னு ஒண்ணு நம்ம நாட்டுதே இருக்கு. இதை நான் எழுதுறது அதே கம்ப்யூட்டர்ல, ராத்திரி மருமக எழுந்த பிறகு, தமிழ் 99-ல ஒத்தை விரலால.

வைக்கிற இடத்தையும் பாருங்க. மொதல்ல மல்லாட்டை மூட்டைக்குப் பக்கத்துல வச்சு, எலி வயரைக் கடிச்சுட்டுது. இப்ப ஜன்னலோரம் ஒரு மேசை, ஒரு நல்ல நாற்காலி. "வீட்ல சும்மாதானே இருக்கா"ன்னு யாராவது வந்து நடுவுல வேலை சொன்னா, நான் சண்டைக்குப் போயிடறேன். பையனுக்கு லட்ச ரூபாயில வண்டி எடுத்துக் குடுக்குற வீட்டுல, பொண்ணு வேலை பாக்குற பெட்டிக்கு மட்டும் ஆயிரம் கணக்குப் பாக்குறோம். நானும் பாத்தவன்தான்.

விலை கேட்டீங்களே: எட்டாவது ஜெனரேஷன் பெட்டி 13,500, பழைய 19 இஞ்ச் மானிட்டர் 2,500, புது யுபிஎஸ் 2,800. மொத்தம் 18,800. முதல்ல தொலைச்ச 7,500-ஐ இதுல சேக்கல.