ஆளில்லாத கடற்கரை யாருக்கு வேண்டும்?

கல்யாணம் நிச்சயமானதும் மண்டபம், சமையல்காரர், பத்திரிகை என்று ஒரு பட்டியல் ஓடும். அந்தப் பட்டியலில் இப்போது இன்னொன்றும் சேர்ந்துவிட்டது: "தேனிலவுக்கு எந்த நாடு?" ஒரு காலத்தில் ஊட்டி, கொடைக்கானல். பிறகு சிம்லா, குலுமணாலி. இப்போது கடல் தாண்டினால்தான் மரியாதை. கல்யாணம் ஆகிப் பத்து வருடம் ஆனவர்களும் சும்மா இல்லை. மே மாத விடுமுறைக்குக் குழந்தைகளோடு ஒரு "பீச் ஹாலிடே" போய்வராவிட்டால் அபார்ட்மெண்டில் தலைகாட்ட முடியவில்லை.

சரி, நாட்டை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? டிராவல்ஸ் ஆபீசில் நாலு படங்கள் காட்டுவார்கள். மாலத்தீவு, புக்கெட், பாலி, மொரீஷியஸ். நாலு படத்திலும் ஒரே நீலத் தண்ணீர், ஒரே வெள்ளை மணல், ஒரே சாய்ந்த தென்னை மரம். கீழே "4 நாள் 3 இரவு, காலை உணவு இலவசம்". எது மலிவோ அது, அல்லது பக்கத்து வீட்டுக்காரர் எங்கே போனாரோ அது. முடிந்தது தேர்வு.

அந்த நாலு படத்திலும் இல்லாத ஒன்று உண்டு. உள்ளூர்க்காரர். வலை காய வைக்கிறவர் இல்லை, மணலில் பந்து உதைக்கும் பையன் இல்லை, மாலையில் காற்று வாங்க வந்த பாட்டி இல்லை. படத்தில் ஆளில்லாததைத்தான் "அழகு" என்று விற்கிறார்கள், வாங்குகிறவர்களும் அப்படியே வாங்குகிறார்கள். ஆனால் அந்தக் கடற்கரையில் ஏன் ஆளில்லை? இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதிப் பட்டியல் கிழிந்துவிடும்.

மாலத்தீவையே எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 1,200 தீவுகள் கொண்ட நாடு. அவற்றில் மக்கள் வாழ்வது 200க்கும் குறைவான தீவுகளில்தான். 1972ல் முதல் ரிசார்ட் திறந்தபோது தொடங்கிய ஏற்பாடு, ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட். குடியில்லாத தீவைக் குத்தகைக்கு எடுத்து, அதில் ஓட்டல் கட்டி, விமான நிலையத்திலிருந்து விருந்தாளியைப் படகிலோ கடல் விமானத்திலோ நேராக அங்கே இறக்கிவிடுவது. உள்ளூர் மாலத்தீவுக்காரர் அந்தத் தீவில் நினைத்தபோது போய் இறங்க முடியாது. முன் அனுமதி வேண்டும், கட்டணம் வேண்டும். வேலைக்காரராக மட்டும் தாராளமாக வரலாம். அந்த வேலையிலும் பெரும்பங்கு வங்கதேசம், இந்தியா, இலங்கையிலிருந்து வந்தவர்களுக்குத்தான்.

அப்படியானால் அந்த நாட்டு மக்கள் எங்கே இருக்கிறார்கள்? ஐந்தில் இரண்டு பங்கினர் தலைநகரான மாலே பகுதியில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறார்கள். மாலே தீவின் பரப்பு சுமார் 2 சதுர கிலோமீட்டர். அதைச் சுற்றிலும் அலைத் தடுப்புச் சுவர். இதில் வேடிக்கை என்னவென்றால், மாலேவாசிகள் குளிப்பதற்காக நகரத்தின் ஓரத்தில் ஒரு கடற்கரையைச் செயற்கையாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதன் பெயரே "செயற்கைக் கடற்கரை". கடற்கரைக்காகவே உலகம் பறந்து வரும் நாட்டின் தலைநகரில், குடிமக்களுக்குக் கொட்டிய மணலில் கடற்கரை! 2014 டிசம்பரில் மாலேயில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் தீப்பிடித்தபோது, அந்த நகரம் குடிக்கத் தண்ணீரின்றித் தவித்தது. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. நகரத்தின் குப்பையும் ரிசார்ட்டுகளின் குப்பையும் 1990களின் தொடக்கத்திலிருந்து திலாஃபுஷி என்ற இடத்தில் கொட்டப்பட்டன. அது பவளக் கடல் ஏரியாக இருந்த இடம். குப்பையாலேயே அங்கே ஒரு தீவு எழும்பி, பல வருடங்கள் புகைந்துகொண்டிருந்தது. எந்தப் பிரசுரத்திலும் அந்தத் தீவின் படம் வராது.

"அதற்கு ஒரு காரணம் இருக்கிறது" என்பார்கள். உண்டு. அது இஸ்லாமிய நாடு. மதுவும் நீச்சல் உடையும் ஊருக்குள் வராமல் தனித் தீவில் இருந்தால் ஊருக்கும் நல்லது, விருந்தாளிக்கும் நல்லது. ஓட்டலின் கழிவும் ஒரே இடத்தில் அடங்கும். நியாயமான வாதம்தான். ஆனால் பண்பாட்டைக் காக்க வந்த அந்த ஏற்பாடு பணத்தையும் சேர்த்துக் காத்துவிட்டது. குத்தகை எடுக்க வசதியுள்ள சில கைகளுக்கு மட்டும் சுற்றுலா போய்ச் சேர்ந்தது. 2008 தேர்தலில் ஆட்சி மாறிய பிறகுதான் மக்கள் வாழும் தீவுகளில் சாதாரணக் குடும்பங்களும் விருந்தினர் இல்லம் நடத்த வழி பிறந்தது. மாஃபுஷி போன்ற தீவுகளில் இன்று வரிசையாக விருந்தினர் இல்லங்கள். மது கிடையாது. நீச்சல் உடைக்குத் தனியாக ஒரு கடற்கரை ஒதுக்கியிருக்கிறார்கள். மற்ற இடங்களில் ஊர் வழக்கப்படி உடுத்த வேண்டும். அவ்வளவுதான். பண்பாடு ஒன்றும் இடிந்து விழவில்லை. மாலேயிலிருந்து அரசுப் படகிலேயே போகலாம். கடல் அதே கடல், மீன் அதே மீன், செலவு பல மடங்கு குறைவு. கொடுக்கிற பணமும் அந்தத் தெருவிலேயே புழங்குகிறது. ஆனாலும் கேட்டுப் பாருங்கள், "மாலத்தீவு போனோம்" என்கிறவர்களில் எத்தனை பேர் மாலத்தீவுக்காரர் ஒருவர் வீட்டுத் திண்ணையைப் பார்த்திருக்கிறார்கள் என்று.

இது மாலத்தீவின் குற்றம் மட்டுமல்ல. ஜமைக்காவில் 1956ல் வந்த கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கரையோர உரிமையை அரசிடம் ஒப்படைத்தது. பொதுமக்களுக்குக் கடற்கரையில் பொதுவான உரிமை எதையும் அது தரவில்லை. காலனி ஆட்சியில் வந்த சட்டம், விடுதலைக்குப் பின்னும் ஓட்டல்காரர்களுக்கு வசதியாகவே இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் குளித்த கரைக்குப் போகும் வழிக்காக அந்த ஊர்க்காரர்கள் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கிறது.

இன்னும் பக்கத்தில் வருவோம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிறகு அந்த அரசு கரையோரத்தில் ஒரு தடை வலயம் அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், தமிழரும் முஸ்லிம்களும் அதிகம் வாழும் வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர். அதற்குள் மீனவர் வீடு கட்டக் கூடாது, பாதுகாப்பில்லையாம். ஆனால் ஓட்டல்களுக்கு விலக்கு! அலை வந்தால் மீனவரை மட்டும் அடித்துக்கொண்டு போய், சுற்றுலாப் பயணியைப் பார்த்து ஒதுங்கிப் போகுமோ? எதிர்ப்பு எழுந்த பின் அந்தத் தூரங்கள் தளர்த்தப்பட்டன. ஆனால் கடற்கரை என்றால் முதலில் அப்புறப்படுத்தப்படுகிறவர் யார் என்பது அன்றே தெரிந்துவிட்டது. ஆக, "அமைதியான, ஆளரவமற்ற கடற்கரை" என்ற விளம்பர வரியைப் படிக்கும்போது, அங்கே இயற்கையிலேயே ஆளில்லையா, இல்லை ஆட்களை அகற்றினார்களா என்று கேட்காமல் பணம் கட்டுகிறவர், அந்த அகற்றலுக்கும் சேர்த்தே பணம் கட்டுகிறார்.

"அய்யா, வருஷத்துக்கு நாலு நாள் ஓய்வெடுக்கப் போகிறோம், அதிலுமா அரசியல்?" என்று கோபப்படுவார்கள். சரி, அரசியலை விடுவோம். சுயநலமாகவே பார்ப்போம்.

கடலுக்குப் பருவம் உண்டு. இது படகில் போகிறவர்களுக்குத் தெரியும், பிரசுரம் அச்சடிக்கிறவர்களுக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்லமாட்டார்கள். தமிழ்நாட்டில் பள்ளி விடுமுறை விடுவது மே மாதம். அதே மே மாதத்தில்தான் தென்மேற்குப் பருவக்காற்று மாலத்தீவிலும், புக்கெட் இருக்கும் அந்தமான் கடல் பக்கத்திலும், இலங்கையின் தென்மேற்குக் கரையிலும் தொடங்குகிறது. அந்த மாதங்களில் புக்கெட்டின் மேற்குக் கரைகளில் சிவப்புக் கொடி பறக்கும். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கிச் சுற்றுலாப் பயணிகள் இறப்பது அங்கே அபூர்வமான செய்தி அல்ல. பேக்கேஜ் மட்டும் பாதி விலைக்குக் கிடைக்கும். ஏன் பாதி விலை என்று யாரும் கேட்பதில்லை!

அதே மே மாதத்தில் இலங்கையின் கிழக்குக் கரை, அதாவது நிலாவெளி, பாசிக்குடா, அறுகம்பே, வெயிலும் அமைதியுமாக இருக்கும். டிசம்பரில் தலைகீழ். வாடைக்காற்று காலத்தில் கிழக்கு நனையும், உனவட்டுன, மிரிஸ்ஸ பக்கம் தெளியும். தாய்லாந்திலும் அப்படித்தான். புக்கெட்டில் மழை ஓயும் அக்டோபர் கடைசியில்தான் மறுபக்கத்தில் இருக்கும் கோ சாமுய் தீவில் மழை வலுக்கும். பாலிக்கும் மொரீஷியஸுக்கும் பூமத்திய ரேகைக்குத் தெற்கே கணக்கு வேறு. பாலியில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட பருவம். மொரீஷியஸில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் பயம், மே மாதத்துக்குப் பின் நல்ல வானிலை. ஜூலை, ஆகஸ்டில் கொஞ்சம் குளிரும், அவ்வளவே. ஒரே நாட்டில்கூட எந்தக் கரை என்பது எந்த மாதம் என்பதைப் பொறுத்தது. "எந்த நாடு?" என்று மட்டும் கேட்பது அரைகுறைக் கேள்வி.

இதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது? மீனவரிடம். காற்று திரும்பும் நாளும் இழுப்பு இருக்கும் இடமும் அவருக்குத் தெரியும். பிள்ளைகள் எங்கே குளிக்கிறார்கள், எங்கே குளிப்பதில்லை என்பதைப் பார்த்தாலே வெளியூர்க்காரருக்கும் விளங்கிவிடும். உள்ளூர்க்காரரைத் துரத்திவிட்ட கடற்கரையில் அதைச் சொல்ல ஆளில்லை. சிவப்புக் கொடி ஒன்றுதான் மிச்சம், அதையும் விடுமுறைக்காரர்கள் அலங்காரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நியாயமும் சுயநலமும் ஒரே இடத்தில் வந்து சேர்வது அபூர்வம். இங்கே சேர்கின்றன.

வேறு மாதிரியும் ஒரு நாடு இருக்க முடியுமா? மொரீஷியஸைப் பாருங்கள். அங்கேயும் ஓட்டல்கள் கரையோர நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வளைத்துக்கொண்டதாகப் புகார் உண்டு, போராட்டமும் உண்டு. அது ஒன்றும் சொர்க்கமல்ல. ஆனால் அங்கே பொதுக் கடற்கரைகள் என்று அறிவித்து வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மோன் ஷ்வாஸியிலோ ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கிலோ போய் நின்றால், சவுக்கு மரத்தடியில் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து, பிரியாணிப் பானையைத் திறந்து, பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார்கள். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை விடும் நாடு. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு. 1998ல் வந்த நோட்டுகளில் தமிழுக்கு முன்னால் இந்தியைப் போட்டார்கள் என்று எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். இத்தனை இருக்கும் நாட்டுக்குப் போய், ஓட்டல் வேலிக்குள்ளேயே மூன்று இரவு தங்கி, காலை உணவு இலவசம் என்று மகிழ்ந்து திரும்புகிறவர்களை என்னவென்று சொல்வது?

இன்னொரு கூட்டமும் உண்டு. 2024 ஜனவரியில் இந்தியப் பிரதமரைப் பற்றி மாலத்தீவுத் துணை அமைச்சர்கள் தரக்குறைவாக எழுதியதும் பொங்கியெழுந்து டிக்கெட்டை ரத்து செய்தவர்கள். 2023ல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் போய், மாலத்தீவுக்கு அதிகப் பயணிகளை அனுப்பிய நாடாக இந்தியா இருந்தது. அடுத்த வருடம் அந்த எண்ணிக்கை சரிந்தது. அமைச்சர்கள் பேசியது தவறுதான், அவர்கள் பதவியும் தாற்காலிகமாகப் பறிக்கப்பட்டது. ஆனால் கோபத்தில் வேண்டாம் என்றவரும் படத்தைப் பார்த்து வேண்டும் என்றவரும் ஒரே ரகம். இருவர் கண்ணிலும் மாஃபுஷியில் நாலு அறை கட்டிக் கடன் அடைத்துக்கொண்டிருக்கும் குடும்பம் படவில்லை.

தாய்லாந்து ஒரு காரியம் செய்தது. "தி பீச்" என்ற ஹாலிவுட் படத்தால் புகழ்பெற்ற மாயா விரிகுடாவில் கூட்டம் தாங்காமல் பவளப்பாறை அழிந்ததால், 2018 ஜூனில் அதை மூடினார்கள். 2022 ஜனவரியில் திறந்தபோது விரிகுடாவுக்குள் படகு வரத் தடை போட்டார்கள். மூடியிருந்த காலத்தில் சுறாக் குட்டிகள் திரும்பி வந்தன. பிலிப்பைன்ஸும் 2018ல் போராக்காய் தீவை ஆறு மாதம் மூடியது. அந்த ஆறு மாதமும் வருமானம் இழந்தவர்கள் உள்ளூர்த் தொழிலாளர்கள். அழுக்காக்கியவர்கள் வேறு தீவுக்குப் போய்விட்டார்கள். வெளியூர்க்காரருக்கு வேறு தீவு எப்போதும் உண்டு. ஊர்க்காரருக்கு அது ஒன்றுதான்.

ஆகவே வெளிநாட்டுக் கடற்கரைக்குப் போகவே கூடாது என்பதல்ல வாதம். போகட்டும், நன்றாகப் போகட்டும். உழைத்துச் சேர்த்த பணம், ஓய்வெடுக்க உரிமை உண்டு. ஆனால் டிராவல்ஸ் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்ததும் "எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் கேட்கட்டும். இந்த மாதத்தில் அந்தக் கரையில் படகு இறங்குமா? ஞாயிற்றுக்கிழமை அந்த மணலில் அந்த ஊர்க் குடும்பங்கள் வந்து உட்காருமா? ஏஜெண்டுக்குப் பதில் தெரியாது. தெரிந்துகொண்டு சொல்லும்வரை அட்வான்ஸ் கொடுக்காமல் எழுந்து வரலாம்.