படத்தின் பின்பக்கம்



2024-ஆம் ஆண்டு எங்கள் அத்தைக்கு 80 வயது பூர்த்தியானது. அத்தை இருப்பது இடுக்கி மாவட்டத்தில், தேவிகுளம் பக்கம், மகன் வீட்டில். நாங்கள் இருப்பது பாலக்காடு ஒலவக்கோட்டில். பிறந்த நாளுக்கு என்ன கொடுப்பது என்று வீட்டில் யோசனை நடந்தபோது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் பேத்தி, "தாத்தா, பாட்டியோட பழைய போட்டோ எல்லாம் வெச்சு கம்ப்யூட்டர்ல ஒரு ஸ்கிராப் புக் பக்கம் பண்ணித் தர்றேன், பிரிண்ட் போட்டு பிரேம் பண்ணிக் குடுக்கலாம்" என்றாள். நல்ல யோசனையாகவே பட்டது.

ஸ்கிராப் புக் என்பது புதிய சரக்கு அல்ல. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின், பசை தடவி வைத்த பக்கங்களுடன் ஓர் ஒட்டுப் புத்தகத்திற்கு 1873-லேயே காப்புரிமை வாங்கினார். தண்ணீர் தொட்டு ஒட்ட வேண்டியதுதான். நம் வீடுகளில் கறுப்புத் தாள் ஆல்பமும், நான்கு மூலைக்கும் வைக்கும் முக்கோண ஒட்டும் இருந்தன. பிறகு பசைக்கோடு போட்ட பக்கமும் மேலே பிளாஸ்டிக் தாளும் வைத்த ஆல்பம் வந்தது. அதில் ஒட்டிய படங்களை இன்று எடுக்கப் போனால் பாதிப் படம்தான் கையில் வருகிறது. இப்போது அதே வேலையைப் பசையும் கத்தரிக்கோலும் இல்லாமல் கணினியில் செய்கிறார்கள். போட்டோஷாப் 1990-ல் வந்தது. காசு கொடுக்காமல் கிடைக்கும் கிம்ப் என்ற மென்பொருள் 1996-ல் வெளியானது. எங்கள் வீட்டில் கிம்ப்தான். ஓய்வூதியக்காரன் வீடு என்பதை நினைவில் கொள்ளவும்.

அத்தையின் டிரங்குப் பெட்டியிலிருந்து வந்த படங்களில் முக்கியமானது அவருடைய கல்யாணப் படம். 1962-ல் எஸ்டேட் லயத்தின் முன்னால் எடுத்தது. மூன்று அங்குலத்துக்கு நான்கு அங்குலம், கறுப்பு வெள்ளை. மாலையும் கழுத்துமாக அத்தை, மாமா, சுற்றிலும் இருபது பேர். எங்கள் அம்மாவின் இடுப்பில் வாயைப் பிளந்து அழுதுகொண்டிருக்கும் மூன்று வயதுப் பையன் அடியேன். வலது ஓரத்தில், பாதி உருவம் படச் சட்டத்துக்கு வெளியே போன நிலையில், ஒருவர் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார்.

பேத்தி பத்து நாள் உழைத்தாள். 12 அங்குலச் சதுரப் பக்கம்; அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 3600-க்கு 3600. பின்னணியில் தேயிலைத் தோட்டம், மூலைகளில் பூங்கொத்து, ஒரு வண்ணத்துப்பூச்சி. கல்யாணப் படத்தில் இருந்த கீறலை எல்லாம் எடுத்துவிட்டாள். லயத்துக் கூரையின் ஓட்டை தகரத்தை மறைத்தாள். விளக்கு வெளிச்சம் பக்கத்தில் இருந்தவர்கள் முகத்தில் அடித்திருந்தது. விளக்குப் பிடிக்கக் கூலிக்கு வந்த ஆள்தானே என்று எண்ணி, அந்த மனிதரையும் விளக்கையும் சேர்த்து அழித்துவிட்டாள். அந்த இடத்தில் மென்பொருள் ஒரு சுவரை வரைந்து தந்தது. பார்த்தால் யாரும் சந்தேகப்பட முடியாத சுவர்.

அத்தை பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "எல்லாம் சரி ஆத்தா, லைட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்ன எங்க சின்னய்யா எங்கே?"

அவர் என் தாத்தாவின் தம்பி. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து தாத்தாவோடு மலையேறி வந்தவர். அந்தக் கல்யாணம் முடிந்து இரண்டு ஆண்டுகளில் காய்ச்சலில் போய்விட்டார். அவருக்கு மனைவி மக்கள் கிடையாது. வேறு படமும் கிடையாது.

பேத்தி அழுதாள். அத்தைதான் அவளைத் தேற்றினார். நான் அன்றிரவு டிரங்குப் பெட்டியிலிருந்து அசல் படத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். என் தகப்பனார் கையெழுத்தில், மசி பழுப்பேறி, இப்படி இருந்தது: 'மூணாறு. தங்கச்சி கல்யாணம். 1962. வலது ஓரம் சின்னய்யா.' பேத்தியின் கையில் இந்தப் படம் ஒரு வாரம் இருந்தது. அவள் பின்பக்கத்தைப் பார்க்காமல் இல்லை. ஆனால் அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படித்தாள். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கமும் தேவிகுளம், பீர்மேட்டிலும் தமிழ் வழிப் பள்ளிகள் இருக்கின்றன. ரயில்வே காலனியில் இருந்த நாங்கள் அந்த வழியை எடுக்கவில்லை. மாலையில் அரை மணி நேரம் உட்கார வைத்து அ, ஆ சொல்லிக் கொடுக்க எனக்கும் நேரம் வாய்க்கவில்லை. ஆகவே சின்னத் தாத்தாவை அழித்த பழியில் பாதி என்னுடையது.

இனி அடியேனின் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த மென்பொருள்கள் ஒரு படத்தில் முதலில் அழிக்கத் தூண்டுவது ஓரத்தை. முழுவதுமாக மறக்கச் செய்வது பின்பக்கத்தை. ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்களுக்கு விஷயம் இருப்பது இந்த இரண்டு இடங்களிலும்தான். நடுவில் நிற்கும் மாப்பிள்ளை பெண்ணை யாரும் மறக்கப் போவதில்லை.

நான் டிப்ளமா முடித்து ரயில்வேயில் பாதைப் பராமரிப்பில் சேர்ந்தவன். எங்கள் வரைபடங்கள் எல்லாவற்றிலும் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும். வரைபட எண், இடம், அளவுகோல், தேதி, வரைந்தவர், சரிபார்த்தவர், பின்னால் என்னென்ன திருத்தம் எந்தத் தேதியில் நடந்தது என்பதெல்லாம் அதில் உண்டு. கட்டம் இல்லாத வரைபடத்தை மேலதிகாரி கையில் தொட மாட்டார். சர்வீசில் ஒரு சமயம் ஒரு சிறு கல்வெர்ட்டுக்கு (தொல்லியல் கல்வெட்டு அல்ல, தண்டவாளத்துக்குக் கீழே தண்ணீர் போகும் வழி) இரண்டு வரைபடங்கள் கிடைத்தன. அஸ்திவார ஆழம் ஒன்றில் ஒரு மாதிரி, மற்றதில் வேறு மாதிரி. இரண்டிலும் தேதி இல்லை. ஒன்று கட்டுவதற்கு முன் போட்ட திட்டம், மற்றது கட்டி முடித்தபின் உள்ளபடி வரைந்தது. எது எது என்று கண்டுபிடிக்கக் கொளுத்தும் வெயிலில் மண்ணைத் தோண்ட வேண்டியதாயிற்று.

குடும்பப் படமும் அப்படித்தான். ஸ்கேன் செய்தது உள்ளபடி வரைபடம். பேத்தி செய்த அழகான பக்கம், அவள் விருப்பப்படி போட்ட திட்டம். இரண்டும் இருக்கலாம், தவறில்லை. ஒன்றை மற்றொன்றின் மேல் சேமித்து வைப்பதுதான் தவறு. அவள் அதைத்தான் செய்திருந்தாள். அசல் ஸ்கேன் கோப்பின் மேலேயே திருத்திய படத்தைச் சேமித்துவிட்டாள். காகிதப் படம் அத்தையின் பெட்டியில் இருந்ததால் பிழைத்தோம்.

செய்முறையைக் கொஞ்சம் சொல்கிறேன். சிறிய பழைய படங்களை அங்குலத்துக்கு 600 புள்ளியில் ஸ்கேன் செய்யவும். எங்கள் 3-க்கு 4 அங்குலப் படம் 1800-க்கு 2400 புள்ளிகளாக வந்தது. அதை இரு மடங்கு பெரிதாக, 6-க்கு 8 அங்குலத்தில், தெளிவு குறையாமல் அச்சடிக்கலாம். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. பின்பக்கத்தில் ஒன்றும் எழுதியிராவிட்டாலும் ஸ்டூடியோ முத்திரை இருக்கக்கூடும். அசலை டிஃப் கோப்பாக வைப்பது நல்லது. ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் சிறிது தேய்மானம் உண்டு. ஸ்கேனர் இல்லாதவர்கள் ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், கைபேசியைப் படத்துக்கு நேர் இணையாகப் பிடித்து எடுக்கலாம்.

பக்கம் அமைக்கும்போது லேயர் என்ற அடுக்குகளில் வேலை செய்ய வேண்டும். போட்டோஷாப்பில் இந்த வசதி 1994-ல்தான் வந்தது. எங்களைப் போன்றவர்களுக்குப் புரியும்படி சொன்னால், வரைபடத்தின் மேல் டிரேசிங் பேப்பரை விரித்து அதில் கோடு போடுவது. கீழே இருக்கும் அசலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, கீறல் நீக்குவதோ பூ வைப்பதோ எல்லாம் மேல் தாளில்தான். பிடிக்காவிட்டால் தாளை உருவிவிடலாம்.

தமிழ் எழுத்து ஒரு தலைவலி. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் 'தேவிகுளம்' என்பதில் கொம்பு ஓர் இடத்திலும் 'த' வேறிடத்திலும் நிற்கும். கிம்ப்பில் யூனிகோட் எழுத்துரு இருந்தால் ஒழுங்காக வருகிறது. 1990-களில் ஆளுக்கொரு எழுத்துருவில் அடித்து வைத்த கோப்புகளை இன்று திறந்தால் புரியாத குறிகள்தான் தெரிகின்றன என்பதால், எழுத்து யூனிகோடில் இருக்கட்டும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு என்ற பெயரில், கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் பூசி, மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தரும் சேவைகள் வந்துள்ளன. என் தகப்பனார் படத்தை ஒன்றில் கொடுத்துப் பார்த்தேன். வந்தவர் நல்ல களையான மனிதர், எங்கள் தகப்பனார் அல்ல. மங்கிய இடத்தில் என்ன இருந்தது என்று அதற்குத் தெரியாது. எங்கோ பார்த்த ஆயிரம் முகங்களிலிருந்து ஒன்றை ஊகித்து வைக்கிறது. அத்தகைய படத்தைச் சுவரில் மாட்டலாம். வம்சத்துக்கு ஆதாரமாக வைக்கக் கூடாது.

இவ்வளவு வற்புறுத்துவது ஏன் என்று கேட்பீர்கள். நம் எல்லைப்புறக் குடும்பங்களுக்குச் சொந்த வீட்டுப் பரண் என்பதே பலருக்கு இருந்ததில்லை. லயத்தில் இருந்தவர்கள் வேலை ஓய்ந்ததும் லயத்தைக் காலி செய்ய வேண்டும். பெட்டி ஊர் ஊராகப் போகிறது, ஒவ்வோர் இடத்திலும் சில படங்கள் குறைகின்றன. மலையும் மழையும் வேறு. 1924-ல், கொல்லம் ஆண்டு 1099-ல் வந்ததால் 99 வெள்ளம் என்று கேரளத்தில் சொல்லும் பெருவெள்ளத்தில், மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய குண்டளை பள்ளத்தாக்கு ரயில் பாதை அடியோடு போயிற்று. 1902-ல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908-ல் இரண்டடிப் பாதையான ரயில் அது. திரும்பக் கட்டப்படவேயில்லை. மிஞ்சிய சில படங்கள் இல்லையென்றால், அந்த மலையில் ரயில் ஓடியது என்று ரயில்வேக்காரனான நானே நம்பியிருக்க மாட்டேன்.

2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். அவர்களில் நால்வரின் உடல் கிடைக்கவேயில்லை. எல்லாம் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. உயிர் போன இடத்தில் படத்தைப் பற்றிப் பேசுவது முறையல்லதான். ஆனால் அந்த மண்ணுக்குள் எத்தனை டிரங்குப் பெட்டிகள் போயிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒரே வீட்டில் ஒரே பிரதியாக எதையும் வைக்காதீர்கள். மலையில் ஒன்று, பாலக்காட்டில் ஒன்று, பூர்வீக ஊரில் ஒன்று இருக்கட்டும்.

தேதியும் இடமும் எழுதி வைப்பதில் இன்னொரு பயனும் உண்டு. தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த தோட்டக் குடும்பங்கள் சாதிச் சான்றிதழுக்குப் போனால், 1950-க்கு முன்பே இங்கு குடியேறியதற்கு என்ன ஆதாரம் என்ற கேள்வி வருகிறது. புகைப்படம் தாலுகா அலுவலகத்தில் ஆதாரமாகாது. ஆனால் பாட்டன் எந்த எஸ்டேட், எந்த டிவிஷன், எந்த ஆண்டு என்று படத்தின் பின்னால் எழுதியிருந்தால், எந்தப் பள்ளிக்கூடத்து, எந்தத் தோட்டத்துப் பதிவேட்டைத் தேடுவது என்றாவது தெரியும்.

அத்தையின் பக்கத்தைப் பேத்தி மறுபடி செய்தாள். வண்ணத்துப்பூச்சி போய்விட்டது. பூங்கொத்து இருக்கிறது, அத்தைக்குப் பிடித்திருந்ததாம். கூரைத் தகரம் ஓட்டையாகவே இருக்கிறது. வலது ஓரத்தில் சின்னத் தாத்தா விளக்குடன் நிற்கிறார். கல்யாணப் படத்தின் கீழே, தகப்பனார் கையெழுத்து இருக்கும் பின்பக்கத்தையும் ஒரு சிறு படமாக வைத்திருக்கிறாள். பக்கத்தின் வலது கீழ் மூலையில் நான் கேட்டபடி ஒரு கட்டம்: இடம், ஆண்டு, இடமிருந்து வலமாகப் பெயர்கள், படம் யாரிடம் இருந்தது, ஸ்கேன் செய்த தேதி, எதை எதைத் திருத்தினோம். தமிழிலும் மலையாளத்திலும். தமிழை அவளே அடித்தாள். இப்போது தினமும் மாலையில் அரை மணி நேரம் என்னிடம் உட்காருகிறாள்.

முதல் அச்சில் 'சினய்யா' என்று இருந்தது. அத்தை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்து, "ஒரு 'ன்' குறையுதே ஆத்தா" என்றார். சரி செய்து, கட்டத்தில் 'திருத்தம் எண் 1' என்று தேதியுடன் போட்டிருக்கிறோம்.