எண்ணெய்ச் சித்திரத்துக்குக் கண்ணாடி எதற்கு?

வீட்டுப் பெண் ஆறு மாதம் பாடுபட்டு ஒரு சித்திரம் தீட்டுகிறாள். கித்தான் துணியில், எண்ணெய் வர்ணத்தில், ஊர்க் கோயில் குளத்தை அப்படியே கொண்டுவந்து விடுகிறாள். வீட்டாருக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாளே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். கடைக்காரர் மேலே கண்ணாடியை அழுத்தி, பின்னால் அட்டை அடித்து, நாற்புறமும் காகிதம் ஒட்டிக் கொடுத்து விடுகிறார். இரண்டு மழைக்காலம் போனபின் பிரித்துப் பார்த்தால், குளத்தில் பாதி கண்ணாடியோடு வந்து விடுகிறது!

கடைக்காரரை மட்டும் நொந்து பயனில்லை. இது பழக்கதோஷம். ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சுக்கூடம் தொடங்கினார். லக்ஷ்மியும் சரஸ்வதியும் காகிதத்தில் அச்சாகி வீட்டுக்கு வீடு வந்தார்கள். காகிதப் படத்துக்குக் கண்ணாடி அவசியம். இல்லாவிட்டால் சாம்பிராணிப் புகையும் பூச்சியும் சும்மா விடுமா? ஆனால் அதே ரவிவர்மா கையால் தீட்டிய எண்ணெய்ச் சித்திரத்தின் சுபாவம் வேறு.

ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப்போல் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவைக் கிரகித்துத்தான் இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத பதம் சில நாட்களில் வந்துவிடலாம். கனமாகப் பூசிய இடம் உள்ளே காய ஆறு மாதமும் ஆகும், ஒரு வருஷமும் ஆகும். அதன்மேல் கண்ணாடியை நெருக்கி வைப்பது மூச்சைப் பிடிப்பதற்குச் சமானம். அருங்காட்சியகங்களில் சில சித்திரங்களுக்குக் கண்ணாடி உண்டுதான். அங்கே வர்ணத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி விட்டிருப்பார்கள்.

வீட்டிலேயே ஆகும் வேலை

இதற்குப் பெரிய தச்சு வித்தை வேண்டியதில்லை. காய்ந்த தேக்கு ரீப்பர் இரண்டு வகை போதும். அகலமான ரீப்பரின் வெளி விளிம்போடு விளிம்பாக ஒடுக்கமான ரீப்பரை ஒட்டினால், உட்புறம் படிபோல ஒரு காடி கிடைத்துவிடும். கித்தான் கட்டை அந்தக் காடியில் உட்காரும். முன்விளிம்பு கால் அங்குலம் மறைத்தால் போதும். காடியின் அளவு சித்திரத்தைவிட அரைக்கால் அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். மழைக்காலத்தில் மரம் உப்பும். இடம் இல்லாவிட்டால் நெருக்கும்.

மூலைகளை 45 பாகையில் வெட்ட வேண்டும். எதிரெதிர்ச் சட்டங்கள் மயிரிழையும் பிசகாமல் ஒரே நீளம் இருக்க வேண்டும். ஒட்டியதும் மூலைக்கு மூலை குறுக்கே அளந்து பார்க்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றானால் சட்டம் சதுரம். வித்தியாசம் இருந்தால் பசை காயுமுன் திருத்திவிடலாம்.

சித்திரத்தைப் பொருத்தும்போது கித்தான் கட்டையில் ஆணி அடிப்பது பாவம். மெல்லிய பித்தளைத் தகட்டை வளைத்து, ஒரு முனையைச் சட்டத்தில் திருகாணியால் முடுக்கி, மறுமுனை கட்டையை இலேசாக அழுத்தும்படி விட வேண்டும். பின்புறம் தூசி புகாமல் அட்டை வைக்கலாம். அதில் காற்றுக்காக நாலைந்து துளை இருக்கட்டும். கீழ் மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டினால் ஈரச் சுவர் தொடாது.

பழைய, விலைமதிப்புள்ள சித்திரத்தில் மட்டும் இந்தப் பரீட்சை கூடாது. அது பழுது பார்க்கும் நிபுணர் வேலை.

கடைச் சட்டத்தில் பளபளப்பு அதிகம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் சித்திரத்துக்கு எப்படிப்பட்ட கரை வேண்டும் என்பது தீட்டியவருக்குத்தான் தெரியும். பிரெஞ்சு ஓவியர் ஸெரா 1884-86-ல் தீட்டிய கிராந்த் ஜாத் தீவுச் சித்திரத்துக்கு, சில வருஷம் கழித்துத் தாமே சுற்றிலும் வர்ணக் கரை போட்டார். அந்தச் சுதந்திரம் குளத்தைத் தீட்டிய பெண்ணுக்கும் உண்டு.

அப்பா மரத்தை அறுக்கட்டும், தம்பி உப்புத்தாள் தேய்க்கட்டும், அவள் நிறத்தைச் சொல்லட்டும். சட்டத்தின் பின்னால் பெயரையும் வருஷத்தையும் எழுதி வைக்கட்டும். பேரப்பிள்ளைகள் பார்க்கும்போது, குளத்தில் தண்ணீர் அப்படியே இருக்க வேண்டாமா?