மேடையிலிருந்து இறங்கும் உரிமை

புகழின் உச்சியில் உள்ள கலைஞர் ஒருவர் தம் பணியை நிறுத்திக்கொண்டால் உலகம் வியக்கிறது. சில வேளைகளில் பழிக்கவும் செய்கிறது. 'இன்னும் எவ்வளவோ படைத்திருக்கலாமே!' என்னும் சுவைஞரின் ஏக்கம் இயல்பானதே. ஆயினும், கலைஞரின் உழைப்பைத் துய்ப்போர்க்கு அவருடைய ஓய்வைக் குறைகூறும் உரிமை உண்டா?

இத்தாலிய இசைமேதை ரோசினி, 1810இல் தம் பதினெட்டாம் வயதில் முதல் இசைநாடகத்தை அரங்கேற்றினார். அதன்பின் 19 ஆண்டுகளுக்குள் அவர் இயற்றிய இசைநாடகங்களின் எண்ணிக்கை 39ஐ எட்டியது. 1829இல் பாரிசு நகரில் 'வில்லியம் டெல்' அரங்கேறியபோது அவருக்கு வயது 37. பின்னர் 1868வரை வாழ்ந்தும் புதிய இசைநாடகம் ஒன்றையும் அவர் எழுதவில்லை. ஓயாத உழைப்பால் விளைந்த சோர்வு, உடல்நலக் குறைவு, மாறிவந்த மக்கள் சுவை எனக் காரணங்கள் பல கூறப்படுகின்றன. எனினும், அவர் இசையைத் துறக்கவில்லை. சமய இசைப் படைப்புகளையும் பியானோ இசைக்கோவைகளையும் பிற்காலத்தில் இயற்றினார்.

அவருடைய ஓய்வுக்குப் பொருள்வளம் துணைநின்றதையும் மறத்தல் கூடாது. பிரெஞ்சு அரசு அவருக்கு வாழ்நாள் உதவித்தொகை வழங்க உடன்பட்டிருந்தது. 1830ஆம் ஆண்டுப் புரட்சிக்குப்பின் அத்தொகை நிறுத்தப்பட்டபோது, அவர் பல்லாண்டுகள் வழக்காடி அதனை மீட்டார்.

தமிழ் இசைநாடகத்தின் தந்தையாகிய சங்கரதாசு சுவாமிகளும் மேடையிலிருந்து இறங்கியவரே. 'நளதமயந்தி' நாடகத்தில் சனீசுவரனாக நடித்துவிட்டு விடியற்காலையில் வேடம் கலையாது சென்ற அவரைக் கண்டு, அதிர்ச்சியால் பெண்ணொருவர் உயிர்நீத்தார் என்றும், அதுமுதல் அவர் நடிப்பைக் கைவிட்டார் என்றும் கூறுவர். நடிப்பைத் துறந்தவர் நாடகங்கள் எழுதினார், பாடல்கள் புனைந்தார், 1918இல் மதுரையில் சிறுவர் நாடகக் குழுவை நிறுவி, டி.கே.எஸ். சகோதரர்கள் போன்றோரை உருவாக்கினார். ஆனால், ரோசினிக்கு வாய்த்த ஓய்வு அவருக்கு வாய்க்கவில்லை. பக்கவாதம் தாக்கிய பின்னும் குழுவோடு ஊர்ஊராகச் சென்ற அவர், 1922 நவம்பர் 13இல் புதுச்சேரியில் மறைந்தார்.

அவர் மறைந்த அப்புதுச்சேரி மண்ணில், சங்கராபரணி ஆற்றங்கரைச் செல்லிப்பட்டு போன்ற சிற்றூர்களில் கூத்துக் காண்போர் ஓர் உண்மையை உணர்வர். தலையில் கிரீடமும் தோளில் புஜக்கட்டையும் தாங்கி, விடிய விடியப் பாடி ஆடுவது எளிய செயலன்று. முழங்கால் தளர்ந்தாலும் குரல் கம்மினாலும், மறுநாள் உணவுக்காக மீண்டும் வேடம் கட்ட வேண்டிய நிலையில் கலைஞர் பலர் உள்ளனர். அவர்களுள் ஒருவர் வேடம் கட்டுவதை நிறுத்தினால் 'ஏன் நிறுத்தினார்?' என்று கேட்போர் மிகுதி. 'இனி எவ்வாறு வாழ்வார்?' என்று கேட்போர் சிலரே.

நலிந்த கலைஞர்க்கு அரசு வழங்கும் உதவித்தொகையைச் சிலர் இரக்கத்தால் இடும் கொடை எனக் கருதுகின்றனர். அஃது உழைத்துப் பெற்ற ஊதியத்தின் ஒரு பகுதி என்பதே பொருந்தும். ஓய்வுபெறும் கூத்துக்கலைஞர் தம் இல்லத் திண்ணையில் இளையோர்க்கு அடவும் பாட்டும் பயிற்றுவாராயின் அக்கலை மேலும் ஒரு தலைமுறை வாழும். அதற்கு வயிற்றுக் கவலையற்ற முதுமை அவருக்கு வேண்டும். கலையைப் போற்றும் சமுதாயம், கலைஞரின் கைத்தட்டல் ஓய்ந்த நாள்களுக்கும் பொறுப்பேற்றல் வேண்டும்.