இராசநாயகத்தின் வாளி

எமது நாடகவிழாக் குழுவின் கூட்டத்தில் அண்மையில் ஒரு பெயரை முன்மொழிந்தேன். "அவர் எழுதுவது ஆங்கிலத்தில் அல்லவா?" என்றார் ஓர் அன்பர். அத்துடன் பேச்சு முடிந்தது. அப்பெயர் ஏர்னஸ்ட் மக்கின்ரயர்.

பெயரைக் கேட்டு ஸ்கொட்லாந்துக்காரர் என எண்ணிவிட வேண்டாம். ஏர்னஸ்ட் தளையசிங்கம் மக்கின்ரயர் 1934 இல் பிறந்த இலங்கைத் தமிழர். பேராசிரியர் லுடோவைக் வளர்த்தெடுத்த பல்கலைக்கழக நாடக மரபில் வந்தவர். 1960களில் கொழும்பில் 'ஸ்டேஜ் அன்ட் செற்' குழுவினருடன் நடிகராகவும் நெறியாளராகவும் நாடகாசிரியராகவும் விளங்கியவர். 1970களில் சிட்னிக்குக் குடிபெயர்ந்தபின்னும் அவர் அரங்கைக் கைவிடவில்லை. புலம்பெயர்ந்தோர் வாழ்வை நகைச்சுவையாக்கிய 'லெட்ஸ் கிவ் தெம் கறி' இங்கு எழுதப்பட்டதே.

ஆயினும் நான் வற்புறுத்துவது 'இராசநாயகம்ஸ் லாஸ்ட் றயற்' என்ற நாடகத்தை. 1990 இல் சிட்னியில் மேடையேறிய அந்நாடகம், 1983 ஆடிக் கலவரத்தின்போது கொழும்பில் ஒரு வீட்டினுள் நிகழ்வது. வீட்டுக்காரர் பிலிப் பெர்னாண்டோ சிங்களவர். மனைவி சீதா தமிழ்ப்பெண். கலவரம் மூளும்போதெல்லாம் பழைய நண்பர் இராசநாயகம் அங்கு வந்து அடைக்கலம் புகுவார். வாளிக்குச் சிங்களத்தில் 'பால்திய' என்று பெயர். அதன் முதலொலியைத் தமிழர் நா வகரமாகத் திரித்துவிடும். வீதியில் மறிக்கும் காடையர் வாளியைக் காட்டிப் பெயர் கேட்பர். பிழைத்தால் உயிர் இல்லை. ஆகவே பிலிப் தம் நண்பருக்கு உச்சரிப்புப் பழக்குகிறார். இறுதியில் இராசநாயகம் பழகிய ஒலியைச் சொல்ல மறுத்து மாண்டுபோகிறார்.

காப்பாற்றுபவர் சிங்களவராக இருப்பது எம்மவர் சிலருக்கு உவப்பானதன்று. எனக்கோ நாடகத்தின் முள் அங்கேதான் இருக்கிறது. பிலிப் நல்லவர். அந்த நல்ல மனிதராலும் நண்பருக்குத் தரமுடிந்தது, தமிழனல்லன் என்று நடிக்கும் பயிற்சி மட்டுமே.

ஆடிக் கலவரத்தின்போது நான் பதின்மூன்று வயதுச் சிறுவன். அயல்வீட்டின் பின்னறையில் ஒளிந்திருந்த மூன்று இரவுகளும் என் தந்தையார் அந்தச் சொல்லையே மெல்லிய குரலில் சொல்லித்தந்தார். தமிழாசிரியர் அவர். பிற்காலத்தில் நானும் ஆசிரியனாகி, மொழிமுதல் எழுத்துக்களைப் பற்றி நன்னூல் கூறுவதைக் கரும்பலகையில் எழுதும் வேளைகளில் வெண்கட்டி ஒரு கணம் நின்றுவிடும். இலக்கணம் உயிர் வாங்கும் என்பதை மாணவருக்கு எப்படிச் சொல்வது? மக்கின்ரயர் சொல்லிவிட்டார், ஆங்கிலத்தில் சொன்னார் என்பதற்காக அது எமது கதை இல்லை என்றாகிவிடுமா?

2019 இல் சக்திதரனின் 'கவுண்டிங் அன்ட் கிராக்கிங்' சிட்னி நகர மண்டபத்தில் மேடையேறியபோது எமது குடும்பங்கள் பல திரண்டு சென்றன. மகிழ்ச்சியே. அதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் முன்னரே அதே நகரில் எமது துயரை மேடையேற்றியவரை அறிந்தோர் எத்தனை பேர்?

மெல்பேணில் பிறந்த என் மகளிடம் நாடகத்தைக் கொடுத்தேன். ஒரே இருப்பில் வாசித்தாள். "இந்தச் சொல்லில் என்னப்பா கஷ்டம்?" என்று கேட்டு, முதன்முறையிலேயே பிழையறச் சொன்னாள். வாளி என்பதைச் சொல்லச் சொன்னேன், 'வாலி' என்றாள்.

அடுத்த கூட்டத்திலும் அப்பெயரை முன்மொழிவேன். முறைப்படி அனுமதி பெற்று இளையோரே நடிக்கட்டும்; தமிழிலா ஆங்கிலத்திலா என்பதையும் அவர்களே முடிவுசெய்யட்டும். எம்மிடம் வேண்டுவது ஒத்திகைக்கு ஒரு மண்டபமும், வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர்களை ஏற்றி இறக்கச் சில பெற்றோருமே.